ஓடாத செய்நிரலும் மூன்று கேள்விகளும்

தரம் 12 மாணவி, தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடம்

கணினி ஆய்வுகூடத்தில் நாம் அதிகம் சொல்லும் வசனம் "டீச்சர், ஓடவில்லை" என்பதுதான். கையை உயர்த்துவோம். ஆசிரியை வந்து பார்ப்பார், இரண்டு மூன்று விசைகளைத் தட்டுவார், செய்நிரல் ஓடிவிடும். என்ன பிழை இருந்தது என்று பிறகு யாராவது கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியாது. கடந்த தவணை விடுமுறையில் ஒரு நாள் மாலை எனக்குக் கையை உயர்த்த ஆளில்லாமல் போனது. அன்று கற்றுக்கொண்டதையே தோழியருக்காக இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வாப்பாவின் கடை, ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கடைவீதியில் இருக்கிறது. பக்கத்து லயத்தில் ஓர் அக்கா இருக்கிறார். கொழுந்து பறிப்பவர். மடுவத்தில் ஒவ்வொரு நாளும் தன் கொழுந்தை நிறுத்ததும், அந்தக் கிலோவை மகனின் பழைய அப்பியாசக் கொப்பியில் எழுதி வைப்பார். அவர் வேலை செய்யும் மலையில் ஒரு முழுப் பேருக்கு 18 கிலோ கேட்கிறார்கள். அதற்குக் குறைந்தால் அரைப்பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குத் தனியாகக் காசு. மாத முடிவில் சம்பளத் துண்டு வந்ததும் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். கூட்டலில் அவருக்கு நம்பிக்கை போதாது.

"தங்கச்சி, நீதான் கம்பியூட்டர் படிக்கிறியே. பேரு கணக்கும் கிலோ கணக்கும் சரியா இருக்கான்னு பார்த்துத் தர்றியா?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பாடசாலையில் படித்த பைத்தன் மொழியில் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதினேன். திகதியையும் கிலோவையும் ஒரு கோப்பிலிருந்து வாசித்து, முழுப்பேர் எத்தனை, அரைப்பேர் எத்தனை, மேலதிகக் கிலோ எவ்வளவு என்று அது சொல்லவேண்டும். பாடசாலையின் விண்டோஸ் கணினியில் நோட்பேட்டில் எழுதி, பென் ட்ரைவில் ஏற்றி, வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

வீட்டில் இருப்பது நானாவின் பழைய மடிக்கணினி. விண்டோஸ் அதில் ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்ததால், பல்கலைக்கழகத்துக்குப் போகுமுன் அவர் அதில் உபுண்டு லினக்ஸை நிறுவித் தந்திருந்தார். மறுநாள் காலை அக்கா தோட்டத்து ஆபீசுக்குப் போக இருந்தார். டெர்மினலைத் திறந்து, கோப்பின் பெயரைத் தட்டி, என்டர் விசையை அழுத்தினேன். ஓடவில்லை.

ஓடு என்றால் என்ன?

பாடத்துக்குள் போகுமுன் ஒரு சிறு விளக்கம். கணினியின் வன்பொருளைக் கையாளும் உட்பகுதி கேர்னல் எனப்படும் கரு. அந்தக் கருவை நாம் நேரடியாகத் தொடுவதில்லை. நாம் தட்டும் கட்டளையை வாங்கி, பொருள் புரிந்து, கருவிடம் ஒப்படைக்கும் செய்நிரல் ஒன்று வெளியே இருக்கிறது. கருவைச் சூழ்ந்திருப்பதால் அதற்கு ஆங்கிலத்தில் ஷெல், அதாவது ஓடு என்று பெயர்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் ரிட்சி முதலியோர் யுனிக்ஸ் பணிசெயல் முறைமையை உருவாக்கத் தொடங்கினார்கள். 1979 இல் வெளியான யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல் வந்தது. அதன் வழியில் 1989 இல் பிரயன் ஃபொக்ஸ் எழுதியதே இன்று நாம் பெரும்பாலும் காணும் பாஷ் ஷெல். 1991 இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த, அப்போது 21 வயதான லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். நம் வீட்டு ஆண்ட்ரொய்ட் தொலைபேசிக்குள் இருப்பதும் லினக்ஸ் கருதான். உலகின் அதிவேகமான 500 கணினிகளின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் எல்லாமே லினக்ஸில்தான் இயங்குகின்றன.

நமது நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பின்னால் நிமிர்ந்து நிற்கும் ஹந்தானை மலையின் பெயரில், ஃபெடோரா லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஹந்தானா லினக்ஸ் இலங்கையில் உருவாக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சில கிழமைகளில் எழுதிய சஹானா என்னும் மென்பொருளும் இப்படி எவரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்த மூல மென்பொருளே. அது பின்னர் வேறு நாடுகளின் அனர்த்தங்களிலும் உதவியது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை விசைப்பலகையில் ஆங்கில எழுத்தில்தான் தட்டவேண்டும். இங்கே அவற்றை நாம் வாயால் சொல்வது போலத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

மூன்று கேள்விகள்

ஓடவில்லை என்றதும் நான் செய்தது, அதே பெயரை மீண்டும் தட்டியது. பிறகு மீண்டும் ஒருமுறை. ஐந்தாவது முறை நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நானா, ஓடல்ல."

"ஓடல்ல எண்டு சொல்லாத. என்ன எழுதி ஈக்கி எண்டு வாசி."

"ஏதோ நாட் ஃபவுண்ட் எண்டு..."

"ஏதோ இல்ல. முதல் எழுத்திலயிருந்து கடைசி எழுத்து மட்டும் வாசி."

அப்போதுதான் திரையை ஒழுங்காகப் பார்த்தேன். பாஷ், முக்காற்புள்ளி, கொழுந்து டொட் பிவை, முக்காற்புள்ளி, கமாண்ட் நாட் ஃபவுண்ட் என்று இருந்தது. நானா சொல்லித் தந்த பாடம் இதுதான். ஷெல்லில் வரும் பிழைச் செய்திகள் பெரும்பாலும் முக்காற்புள்ளியால் பிரிக்கப்பட்ட மூன்று துண்டுகளாக இருக்கும். அவற்றிடம் மூன்று கேள்விகளைக் கேட்கவேண்டும்.

முதலாவது, பேசுவது யார்? ஷெல்லா, பைத்தனா, வேறொரு செய்நிரலா?

இரண்டாவது, எந்தப் பெயரைச் சொல்கிறது? நான் நினைக்கும் பெயர்தானா அது?

மூன்றாவது, என்ன குறை சொல்கிறது? காணவில்லையா, அனுமதி இல்லையா, விளங்கவில்லையா?

ஒரு செய்நிரல் ஓடுமுன் பல கதவுகளைக் கடக்கிறது. எந்தக் கதவில் நிறுத்தப்பட்டது என்பதை இம்மூன்று விடைகளும் சேர்ந்து சொல்லிவிடும். அன்று மாலை நான் வரிசையாக நான்கு கதவுகளிலும் நிறுத்தப்பட்டேன்.

முதற்கதவு: கட்டளை காணப்படவில்லை

கோப்பு என் கண்ணெதிரே இருந்தது. எல்எஸ் என்று தட்டினால் பட்டியலில் அதன் பெயரும் வந்தது. அப்படியிருக்கக் காணவில்லை என்று ஷெல் ஏன் சொல்கிறது?

வாப்பாவின் கடையில் உதவிக்கு ஒரு தம்பி நிற்கிறார். "சாமான் கேட்டால் இந்த மூன்று ராக்கையிலும் தேடு" என்று வாப்பா அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். மேசையின் மேலேயே ஒரு பெட்டி இருந்தாலும், ராக்கையில் இல்லையென்றால் "இல்லை" என்றுதான் அவர் சொல்வார். ஷெல்லும் அப்படியே. வெறும் பெயரைத் தட்டினால், பாத் என்னும் மாறியில் எழுதப்பட்டுள்ள கோப்புறைகளில் மட்டும் வரிசையாகத் தேடும். நாம் நிற்கும் கோப்புறை வழக்கமாக அந்தப் பட்டியலில் இருக்காது.

இது பாதுகாப்புக்காகச் செய்யப்பட்டது. பலர் பயன்படுத்தும் கணினியில் யாராவது எல்எஸ் என்ற பெயரிலேயே ஒரு தீய செய்நிரலைப் பொதுக் கோப்புறையில் போட்டுவைக்கலாம். நிற்கும் இடத்தில் முதலில் தேடும் பழக்கம் ஷெல்லுக்கு இருந்தால், அந்தப் போலியே ஓடிவிடும்.

இதற்கான பரிகாரம், எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்வது. ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு, பிறகு கோப்பின் பெயர். புள்ளி என்றால் "இந்தக் கோப்புறை" என்று பொருள். எழுத்துப் பிழையா என்று சந்தேகம் வந்தால் டைப் என்ற கட்டளைக்குப் பின் பெயரைத் தட்டிப் பாருங்கள். அந்தப் பெயரை ஷெல் எங்கே கண்டுபிடிக்கிறது, அல்லது கண்டுபிடிக்கவே இல்லையா என்று அது சொல்லும்.

தமிழ் படித்த நமக்கு இந்த இடத்தில் இன்னொரு தடுமாற்றமும் வரும். நம் எழுத்தில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதம் இல்லை. விண்டோஸும் கோப்புப் பெயர்களில் அந்தப் பேதத்தை வழக்கமாகப் பாராட்டுவதில்லை. லினக்ஸுக்கோ பெரிய கே வேறு, சிறிய கே வேறு. பெயரின் முதலெழுத்தைப் பெரிதாகச் சேமித்துவிட்டுச் சிறிதாகத் தட்டினால் அது வேறொரு கோப்பு. சில எழுத்துகளைத் தட்டியபின் டாப் விசையை அழுத்தினால் மிகுதிப் பெயரை ஷெல்லே நிரப்பும். நிரப்பாவிட்டால், தட்டியதில் ஏதோ தவறு என்று அப்போதே தெரிந்துவிடும்.

இரண்டாம் கதவு: அனுமதி மறுக்கப்பட்டது

புள்ளியும் சாய்கோடும் சேர்த்துத் தட்டினேன். இப்போது செய்தி மாறிவிட்டது. பெர்மிஷன் டினைட். எனக்கு அழுகையே வந்தது. நானாவோ சிரித்தார். "செய்தி மாறினா நல்லம். ஒரு கதவு தாண்டிட்டாய்" என்றார். இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால்தான் நாம் நின்ற இடத்தில் நிற்கிறோம். புதிய பிழை வந்தால் முன்னே நகர்ந்திருக்கிறோம்.

யுனிக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை அனுமதிகள் உண்டு. வாசிக்க ஆர், எழுத டபிள்யூ, நிறைவேற்ற எக்ஸ். இவை உரிமையாளர், குழு, ஏனையோர் என்று மூன்று தரப்புக்கும் தனித்தனியே குறிக்கப்படும். ஆக மொத்தம் ஒன்பது இடங்கள். எல்எஸ், ஓர் இடைவெளி, ஒரு சிறுகோடு, பிறகு எல் என்ற எழுத்து. இப்படித் தட்டினால் அந்த ஒன்பது இடங்களும் வரியின் தொடக்கத்தில் தெரியும். இல்லாத அனுமதிக்குப் பதிலாகச் சிறுகோடு நிற்கும்.

நமது பாடத்திட்டத்தில் வரும் எண்ம எண்களை இங்கே நேரில் காணலாம். ஆர் டபிள்யூ எக்ஸ் மூன்றும் இருந்தால் துவிதத்தில் 111, அதாவது 7. ஆர், எக்ஸ் மட்டும் இருந்தால் 101, அதாவது 5. எனவே 755 என்றால் உரிமையாளருக்கு மூன்று அனுமதியும், மற்ற இரு தரப்புக்கும் வாசிக்கவும் நிறைவேற்றவும் மட்டும் அனுமதி. "இந்த எண்ணெல்லாம் எதற்கு?" என்று வகுப்பில் கேட்ட எனக்கு விடை இங்கே கிடைத்தது.

புதிதாக எழுதிய கோப்புக்கு எக்ஸ் அனுமதி தானாக வராது. சிஎச்மொட், ஓர் இடைவெளி, கூட்டல் குறி, எக்ஸ், பிறகு கோப்பின் பெயர் என்று தட்டி நாமே கொடுக்கவேண்டும். கொடுத்தேன். திரையில் எந்தச் செய்தியும் வரவில்லை. யுனிக்ஸில் மௌனம் என்றால் பொதுவாகக் காரியம் முடிந்தது என்று பொருள். மறுபடி ஓட்டினேன். மீண்டும் பெர்மிஷன் டினைட்!

இம்முறை நானாவைக் கேட்குமுன் நானே அனுமதிகளைப் பார்த்தேன். எக்ஸ் வரவே இல்லை. காரணம், கோப்பு இன்னும் பென் ட்ரைவிலேயே இருந்தது. பென் ட்ரைவ்கள் பெரும்பாலும் ஃபாட் வகைக் கோப்பு முறைமையில் அமைக்கப்பட்டிருக்கும். யுனிக்ஸின் ஒன்பது அனுமதிகளை எழுதிவைக்க அதில் இடமே கிடையாது. ஆகவே கட்டளை சத்தமில்லாமல் வீணாகிவிட்டது. கோப்பை என் வீட்டுக் கோப்புறைக்குப் பிரதி செய்து மீண்டும் அனுமதி கொடுத்தேன். எக்ஸ் வந்தது. அன்றிலிருந்து, ஒரு கட்டளை கொடுத்தால் அதன் விளைவையும் கண்ணால் பார்த்துவிடுவது என் வழக்கமாகிவிட்டது.

ஓர் எச்சரிக்கை. அனுமதிப் பிழை வந்தவுடன் 777 கொடுப்பதும், முன்னால் சூடோ என்று சேர்ப்பதும் சிலரின் பழக்கம். 777 என்றால் அந்தக் கணினியில் கணக்கு உள்ள எவரும் உங்கள் கோப்பை மாற்றலாம். சூடோ என்றால் முழு அதிகாரத்தோடு ஓடு என்று பொருள். ஒரு பூட்டுக்குச் சாவி தெரியவில்லை என்பதற்காக வீட்டுக் கதவுகள் எல்லாவற்றையும் கழற்றி வைப்பது போன்றது அது.

மூன்றாம் கதவு: கண்ணுக்குத் தெரியாத எழுத்து

இப்போது ஓடிவிடும் என்று நம்பினேன். வந்தது வேறொரு செய்தி: நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி. அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை!

எனக்குக் கோபம் வந்தது. கோப்பு இருக்கிறது. பெயர் சரி. எழுத்துகளின் பெரிது சிறிது சரி. அனுமதியும் கொடுத்தாயிற்று. பிறகென்ன? நேரம் இரவு எட்டு மணி. உம்மா சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வந்து, மூன்று கேள்விகளையும் கொப்பியில் எழுதி ஒவ்வொன்றாக விடை தேடினேன்.

பேசுவது யார்? இம்முறை பாஷ் இல்லை. என்வ் என்ற வேறொரு செய்நிரல்.

எந்தப் பெயரைச் சொல்கிறது? நான் அதுவரை கவனிக்காதது இதைத்தான். அங்கே கொழுந்து என்ற பெயரே இல்லை! மேற்கோள் குறிகளுக்குள் பைத்தன் 3 என்றும், அதை ஒட்டி ஒரு பின்சாய்கோடும் ஆர் என்ற எழுத்தும் இருந்தன.

என்ன குறை? அப்படி ஒன்று இல்லை என்பது.

அதாவது, காணாமற்போனது என் கோப்பு இல்லை. என் கோப்பை வாசித்து நிறைவேற்ற வேண்டிய செய்நிரலைத்தான் காணவில்லை. இதைப் புரிந்துகொள்ள முதல் வரியைப் பார்க்கவேண்டும். இத்தகைய கோப்பின் முதல் வரி ஓர் எண் குறியும் ஓர் ஆச்சரியக்குறியும் கொண்டு தொடங்கும். இதை ஷிபாங் என்பார்கள். "என்னை வாசிக்க இந்தச் செய்நிரலைக் கூப்பிடு" என்று அந்த வரி கருவுக்குச் சொல்கிறது. என் முதல் வரி, என்வ் மூலமாகப் பைத்தன் 3 ஐக் கூப்பிடச் சொன்னது. ஆனால் என்வ் தேடியதோ பைத்தன் 3 ஐ அன்று. அதன் வாலில் ஒட்டிக்கொண்டிருந்த ஓர் எழுத்தையும் சேர்த்துத் தேடியது. அப்படி ஒரு செய்நிரல் உலகில் எங்கும் இல்லை.

அந்த எழுத்து எங்கிருந்து வந்தது? பழைய தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரு வரி முடிந்ததும் இரண்டு காரியங்கள் நடக்கவேண்டும். கடதாசியைத் தாங்கிய வண்டியைத் தொடக்கத்துக்குத் தள்ளவேண்டும். உருளையைச் சுழற்றிக் கடதாசியை ஒரு வரி மேலே நகர்த்தவேண்டும். முதலாவது கேரேஜ் ரிட்டர்ன், ஆஸ்கியில் 13. இரண்டாவது லைன் ஃபீட், ஆஸ்கியில் 10. விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டையும் எழுதுகிறது. யுனிக்ஸ் 10 ஐ மட்டும் எழுதுகிறது. பாடசாலையின் விண்டோஸ் கணினியில் நான் எழுதிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு 13 ஒளிந்திருந்து, என்னோடு பென் ட்ரைவில் ஹட்டன் பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருக்கிறது!

ஒளிந்திருப்பதைப் பார்க்க இரண்டு வழிகள். ஃபைல் என்ற கட்டளைக்குப் பின் கோப்பின் பெயரைக் கொடுத்தால், வரி முடிவுகள் சிஆர்எல்எஃப் வகை என்று அது அறிவிக்கும். அல்லது கெட், சிறுகோடு, பெரிய ஏ என்று தட்டிக் கோப்பைக் காட்டச் சொன்னால், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கூரைக் குறியும் பெரிய எம்மும் தெரியும். ஏன் எம்? ஆங்கில நெடுங்கணக்கில் எம் 13 ஆவது எழுத்து.

டொஸ்டுயுனிக்ஸ் என்ற சிறிய கருவி நிறுவப்பட்டிருந்தால், கோப்பின் பெயரை அதற்குக் கொடுத்தால் போதும், எல்லா 13 களும் நீங்கிவிடும். என்னிடம் அது இருக்கவில்லை. பாடத் தொகுப்பானைத் திறந்து, கோப்பைச் சேமிக்கும்போது வரி முடிவை யுனிக்ஸ் வகையாகத் தெரிவுசெய்தேன். வேலை முடிந்தது.

சுருக்கு வழியும் ஒன்று இருந்தது. பைத்தன் 3 என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கோப்பின் பெயரைக் கொடுத்திருந்தால் அது முதலிலேயே ஓடியிருக்கும். அப்போது ஷிபாங் வரியும் எக்ஸ் அனுமதியும் தேவைப்படாது. 13 ஐப் பைத்தன் பொறுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு அந்த வழி நல்லது. ஆனால் அதை மட்டும் அறிந்திருந்தால் இந்தக் கதவுகள் எனக்கு அறிமுகமாகியிருக்காது.

இதே கதவில் வேறு சிலவும் நிற்கும். தொலைபேசியின் முறைவழியாக்கிக்காகத் தொகுக்கப்பட்ட செய்நிரலை மடிக்கணினியில் ஓட்டினால் எக்ஸெக் ஃபோர்மட் எரர் வரும். 32 பிட் செய்நிரலை 64 பிட் முறைமையில் ஓட்டும்போது, கோப்பு முன்னால் இருந்தும் "அப்படியொரு கோப்பு இல்லை" என்று சொல்வதுண்டு. அதை ஏற்றிவிட வேண்டிய துணைச் செய்நிரல் இல்லாததே காரணம். இருப்பதை இல்லை என்று கணினி சொன்னால், "வேறு எதைத் தேடுகிறாய்?" என்று கேட்கவேண்டும்.

நான்காம் கதவு: ஓடியது, ஆனால்...

செய்நிரல் ஓடியது. முழுப்பேர் 23, அரைப்பேர் 2 என்று திரையில் வந்தது. கடைக்கு வந்திருந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சம்பளத் துண்டை விரித்தார். அதில் முழுப்பேர் 22.

அவருடைய முகம் மாறிவிட்டது. "ஒரு பேரு குறையுதே. நாளைக்கு ஆபீசுல கேக்காம விடமாட்டேன்" என்றார். எனக்கும் கோபம்தான். இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடவைத்த செய்நிரல் பிழையாகச் சொல்லுமா? ஷெல்லில் ஒவ்வொரு செய்நிரலும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்லும். எக்கோ, இடைவெளி, டொலர் குறி, கேள்விக்குறி என்று தட்டினால் அந்த எண் தெரியும். கட்டளை காணப்படாவிட்டால் 127. கண்டும் நிறைவேற்ற முடியாவிட்டால் 126. பைத்தன் இடையில் பிழைபட்டு நின்றால் 1. பிழையின்றி முடிந்தால் 0. தட்டிப் பார்த்தேன். 0.

கடையைப் பூட்டிக்கொண்டிருந்த வாப்பா எட்டிப் பார்த்தார். அவருக்குக் கணினி தெரியாது. நாற்பது வருடம் கடன் கொப்பி எழுதியவர். "மகள், கொப்பியை ஒரு தரம் விரல் வெச்சு எண்ணிப் பாருங்க" என்றார்.

நானும் அக்காவும் எண்ணினோம். 18 கிலோவும் அதற்கு மேலும் வந்த நாட்கள் 22. இரண்டாம் முறை எண்ணினோம். அதே 22. பிறகு நான் தட்டி வைத்திருந்த தரவுக் கோப்பைத் திறந்து கொப்பியோடு வரி வரியாக ஒப்பிட்டேன். 14 ஆம் திகதி இரண்டு முறை இருந்தது. அன்று மாலை தட்டிக்கொண்டிருக்கும்போது வீட்டு வெளிச்சம் அணைந்தது. மீண்டும் கரண்ட் வந்ததும் எங்கே விட்டேன் என்று பார்க்காமல் 14 ஐத் திரும்பவும் தட்டியிருக்கிறேன். சம்பளத் துண்டு சரி. பிழை என்னுடையது.

அன்றிரவு எனக்கு நீண்ட நேரம் தூக்கம் வரவில்லை. அந்த அக்கா என் சொல்லை நம்பி, ஆபீசில் எல்லோர் முன்னாலும் நின்று கேட்டிருப்பார். கேட்டது பிழை என்று ஆகியிருந்தால், பிறகு ஒரு மாதம் உண்மையாகவே ஒரு பேர் குறைந்தாலும் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு இருந்திருக்காது. 0 என்பது, நான் சொல்லிக் கொடுத்ததைச் செய்நிரல் தடங்கலின்றிச் செய்து முடித்தது என்பதை மட்டுமே காட்டும். நான் கொடுத்தது சரியா என்று அதற்குத் தெரியாது. மறுநாள் இரண்டு வரிகளைச் சேர்த்தேன். ஒரே திகதி இரு முறை வந்தால் இப்போது செய்நிரல் நின்று, அந்தத் திகதியைச் சொல்லும்.

கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்

தோழியரே, அடுத்த முறை ஆய்வுகூடத்தில் கையை உயர்த்துமுன் இவற்றைச் செய்து பாருங்கள்.

1. பிழைச் செய்தியை முதலெழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசியுங்கள். முடிந்தால் கொப்பியில் எழுதுங்கள்.
2. பேசுவது யார், சொல்லும் பெயர் எது, கூறும் குறை என்ன என்று மூன்றையும் பிரியுங்கள்.
3. பிடபிள்யூடி என்று தட்டி எந்தக் கோப்புறையில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். எல்எஸ் தட்டிக் கோப்பு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.
4. அனுமதிகளைப் பாருங்கள். கோப்பு பென் ட்ரைவில் இருந்தால் வீட்டுக் கோப்புறைக்குப் பிரதி செய்யுங்கள்.
5. விண்டோஸிலிருந்து வந்த கோப்பானால் வரி முடிவுகளைச் சோதியுங்கள்.
6. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போகும்.
7. ஓடியபின், விடை தெரிந்த சிறிய கணக்கு ஒன்றைக் கொடுத்து விரலால் எண்ணிச் சரிபாருங்கள்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேகம் குறைந்துவிட்டது என்று மூலையில் போட்ட பழைய மடிக்கணினி வீட்டில் இருந்தால், அதை விற்றுவிடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நிறுவிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். "ஓடவில்லை" என்று பிள்ளை சலித்துக்கொண்டு வந்தால், உங்களுக்குக் கணினி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, "என்ன எழுதியிருக்கிறது? சத்தமாக வாசித்துக் காட்டு" என்று கேளுங்கள். வாசிக்கும்போதே பாதிப் பிழை பிள்ளைக்குத் தெரிந்துவிடும். என் வாப்பாவும் அப்படித்தான் உதவினார்.

அக்கா இப்போதும் மாத முடிவில் கொப்பியோடு வருகிறார். நான் தரவைத் தட்டுவேன், அவர் பக்கத்தில் இருந்து திகதியைச் சொல்லிக்கொண்டே வருவார். செய்நிரல் விடை சொன்னபிறகு இருவரும் ஒருமுறை விரல் வைத்து எண்ணுவோம். சென்ற மாதம் மேலதிகக் கிலோவில் 6 குறைந்திருந்தது. இரண்டு முறை எண்ணினோம், அப்போதும் 6 குறைந்தது. மறுநாள் காலை கொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஆபீசுக்குப் போனார்.